கரையிறங்கிய பின்னும் தொடரும் அலையாட்டம்: ஒரு நோய்க்கருத்து உருவான வரலாறு

கப்பலில் சில நாட்களைக் கழித்தவர்கள் கரையேறிய பின்னரும் காலடியில் தரை மெல்ல ஏறி இறங்குவதாகவும், கண்ணை மூடிப் படுத்தால் கட்டிலே அலைமேல் மிதப்பதாகவும் உணர்வது கடலோடிகளிடையே மிகச் சாதாரணமான அனுபவமாகும். பெரும்பாலோருக்கு இவ்வுணர்வு சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ தானே அடங்கிவிடுகிறது. மிகச் சிலருக்கு மட்டும் அது மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடித்து, நின்றாலும் அமர்ந்தாலும் விடாத தொல்லையாக மாறுகிறது. மருத்துவ நூல்கள் இதனை 'மால் தெ தெபார்க்மான்' என்னும் பிரெஞ்சுத் தொடராலேயே குறிக்கின்றன; தமிழில் இதனைக் கரையிறங்கு நோய் எனலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெளிவாக விவரிக்கப்பட்டுவிட்ட இந்நிலை தனியொரு நோயாக ஏற்கப்படுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. அறியாமையைவிட, இடையில் நிகழ்ந்த ஒரு பெரிய கண்டுபிடிப்பே இத்தாமதத்துக்கு முதன்மையான காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

முதல் விரிவான விவரணை ஆங்கில மருத்துவர் எராஸ்மஸ் டார்வினுடையது. 1794-இல் முதல் தொகுதி வெளிவந்த 'சூனோமியா' என்னும் நூலில் தலைச்சுற்றலை ஆராயும் பகுதியில், நீண்ட நேரம் நீரின்மேல் இருந்து அவ்வாட்டத்துக்குப் பழகிவிட்டவர்கள் நிலத்துக்குத் திரும்பியதும், விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட நிலையில், தாம் இருக்கும் அறையும் அதிலுள்ள பொருட்களும் கப்பலைப் போலவே அசைவதாகக் காண்கின்றனர் என்று அவர் எழுதுகிறார். தாமும் அதனை உணர்ந்ததாகச் சேர்த்துக்கொள்கிறார். எராஸ்மஸின் விளக்கத்தில் செவிக்கு இடமே இல்லை; உடலின் சமநிலையைக் காப்பதில் கண்ணுக்கே தலைமை இடம் என்று அவர் கருதினார். அக்கருத்து பிழையாயினும், அவர் கைக்கொண்ட மையக் கருத்தாகிய பழக்கம், அதாவது உடல் ஓர் அசைவுக்குத் தன்னை இசைவித்துக்கொண்ட பின் அந்த இசைவை உடனே உதறிவிட முடியாது என்பது, பின்னாளில் வந்த பல கோட்பாடுகளைவிட உண்மைக்கு நெருக்கமானதாகும்.

அடுத்த நூற்றாண்டு உறுப்பைத் தேடிய காலம். 1820-களில் பிரெஞ்சு உடலியலாளர் பியேர் ஃப்ளூரான் புறாக்களின் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களை வெட்டிப் பார்த்தார். பறவைகளின் கேள்திறன் பெரிதும் கெடாதிருக்க, வெட்டப்பட்ட குழலின் தளத்திலேயே தலை கட்டுப்பாடின்றி அசைந்தது. 1861-இல் ப்ரோஸ்பெர் மெனியேர், அதுவரை மூளைக்கோளாறாக எண்ணப்பட்டிருந்த ஒருவகைத் தலைச்சுற்றலுக்கு உட்செவியே மூலம் என வாதிட்டார். 1870-களின் முற்பகுதியில் எர்ன்ஸ்ட் மாஹ், யோசஃப் ப்ராயர், அலெக்சாண்டர் க்ரம் ப்ரௌன் ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர்: மூன்று தளங்களில் அமைந்த அக்குழல்களுக்குள் இருக்கும் நீர்மம், தலை சுழலும்போது பின்தங்கி, உணர்நுனிகளைத் தூண்டுவதன் மூலமே சுழற்சி அறியப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மனிதர்களிடமிருந்தே சான்று தந்தது. காதுகேளாதோரும் பேச இயலாதோருமான 519 பேரைச் சுழற்றிப் பார்த்ததில் 186 பேருக்குத் தலைச்சுற்றலே ஏற்படவில்லை. உட்செவி செயலிழந்தவர்களுக்குக் கடல்நோயும் வருவதில்லை என்ற ஐயம் இதனால் வலுப்பெற்றது.

இவ்வெற்றியே கரையிறங்கு நோய் பார்வையிலிருந்து மறையவும் காரணமாயிற்று. 1881-இல் ஜே. ஏ. இர்வின் 'லான்செட்' இதழில் கடல்நோயின் காரணங்களை ஆராய்ந்து, ஊர்திகளால் விளையும் இத்தகைய மயக்கங்களுக்கெல்லாம் பொதுவாக 'இயக்க நோய்' என்னும் பெயரை முன்வைத்தபோது, பயணத்தின் பின்விளைவாக எஞ்சும் பொய்யான அசைவுணர்வையும் குறிப்பிட்டார். ஆயினும் அது கடல்நோயின் வாலாகவே எண்ணப்பட்டது. உட்செவி ஆய்வுக்காக ராபர்ட் பாரனிக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்ட காலத்துக்குள், செவித்துளையில் வெந்நீரும் தண்ணீரும் செலுத்தி விழிகளின் துடிப்பைக் கவனிக்கும் அவருடைய சோதனை மருத்துவமனைகளில் பரவத் தொடங்கியிருந்தது. கரையிறங்கிய பின் ஆடிக்கொண்டே இருப்பதாக முறையிடுபவரிடம் இத்தகைய சோதனைகளைச் செய்தால் முடிவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கருவி எதையும் காட்டாத இடத்தில் நோயாளியின் சொல்லுக்கு மதிப்புக் குறைவதும், குறை மனத்தின்மேல் சுமத்தப்படுவதும் மருத்துவ வரலாற்றில் புதியன அல்ல.

மீட்சி மருத்துவமனைகளைக் காட்டிலும் கடற்படை, வான்படை ஆய்வுக்கூடங்களில்தான் தொடங்கியது. ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் அமெரிக்கக் கடற்படைக்காக ஆஷ்டன் கிரேபியலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1950-களின் இறுதியிலிருந்து, மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும் ஓர் அறையில் தன்னார்வலர்களை நாட்கணக்கில் வாழவைத்தனர். முதலில் குமட்டலால் வாடியவர்கள் நாளடைவில் சுழற்சிக்குப் பழகினர். அறை நின்றபின் அசையாத உலகுக்கு மீண்டும் பழக வேண்டியிருந்தது. 1975-இல் ஜேம்ஸ் ரீசனும் ஜே. ஜே. பிராண்டும் இயக்க நோய் குறித்து எழுதிய நூல் இதற்கொரு கோட்பாட்டு வடிவம் தந்தது: கண், உட்செவி, தசைகள் ஆகியவை அனுப்பும் செய்திகளை மூளை தன் எதிர்பார்ப்போடு ஒப்பிடுகிறது; முரண் நீடித்தால் எதிர்பார்ப்பையே திருத்தி எழுதிக்கொள்கிறது. அவ்வாறு பார்த்தால், திருத்தப்பட்ட அந்த எதிர்பார்ப்பு கரையிலும் அழியாமல் நிற்பதே கரையிறங்கு நோயாகும். எராஸ்மஸ் டார்வின் சொன்ன பழக்கம், 'தகவமைவு' என்னும் புதிய பெயரோடு இங்கே திரும்பி வந்துவிட்டது.

நீடித்த நிலையைத் தனி நோயாக மருத்துவ உலகின் முன் வைத்தவர்கள் ஜே. ஜே. பிரௌனும் ராபர்ட் பலோவும் ஆவர். 1987-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை ஆறே ஆறு நோயாளிகளைப் பற்றியது. 1999-இல் டிமதி ஹெய்ன் முதலியோர் 27 பேரின் விவரங்களைத் திரட்டியபோது, பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் நடுவயதுப் பெண்கள் என்பதும், கடல்நோய்க்குப் பயன்படும் வழக்கமான மருந்துகள் இவர்களுக்கு உதவுவதில்லை என்பதும் உறுதிப்பட்டன. இந்நோயின் தனித்த அடையாளமும் தெளிவாயிற்று: காரில் ஏறி அது ஓடத் தொடங்கியதும் ஆட்டம் அடங்குகிறது, வண்டி நின்றதும் மீண்டும் தொடங்குகிறது. பிற தலைச்சுற்றல்களை அசைவு மிகுவிக்க, இதனை மட்டும் அசைவே தணிக்கிறது. இவ்வுண்மை உட்செவிப் பழுது என்னும் விளக்கத்தைப் பெரிதும் வலுவிழக்கச் செய்கிறது. யூன்-ஹீ சா முதலியோர் 2012-இல் வெளியிட்ட மூளைப் படிம ஆய்வு, இட உணர்வோடும் நினைவோடும் தொடர்புடைய என்டோரைனல் புறணி என்னும் மூளைப்பகுதியில் மிகைச் செயல்பாட்டைக் காட்டியது.

நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்வி நிறுவனத்தில் மிங்ஜியா டாய், பெர்னார்ட் கோஹென் முதலியோர் வேறு வழியில் சென்றனர். தலை திரும்பும்போது காட்சி கலங்காதபடி விழிகளை எதிர்த்திசையில் நகர்த்தும் அனிச்சைச் செயல் ஒன்று உண்டு. கப்பலில் உடல் திரும்புவதும் தலை பக்கவாட்டில் சாய்வதும் ஒருசேர நிகழ்வதால் இச்செயல் தவறான முறையில் பழகிவிடுகிறது என்பது அவர்களது கருதுகோள். சிகிச்சையின் நடைமுறை எளிது. நோயாளியைக் கண்மூடி நின்ற இடத்திலேயே நடைபோடச் செய்து, உடல் எப்பக்கம் திரும்பிவிடுகிறது என்று பார்க்கின்றனர். அவருடைய ஆட்டத்தின் வேகத்தையும் கணக்கிடுகின்றனர், அது பெரும்பாலும் ஐந்து நொடிக்கு ஒருமுறை என்ற அளவில் இருக்கிறது. பின்னர், செங்குத்துக் கோடுகள் சுவரெங்கும் மெதுவாகச் சுற்றும் இருண்ட அறையில் அவரை அமர்த்தி, கோடுகளை அவர் பார்த்திருக்க, அதே தாளத்தில் அவருடைய தலையைத் தோளுக்குத் தோள் சில நிமிடங்கள் சாய்க்கின்றனர். கற்றதை மறக்கச் செய்யும் பயிற்சியே இது. 2014-இல் வெளியான முடிவுகளின்படி, இவ்வாறு சிகிச்சை பெற்ற 24 பேரில் 17 பேர் ஓராண்டுக்குப் பின்னும் முழுமையாகவோ பெருமளவிலோ குணமடைந்திருந்தனர். சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு அவ்வாய்வில் இல்லை என்பதால் இவ்வெண்ணிக்கையை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். ஆயினும், மருந்தால் ஆகாதது மறுபழக்கத்தால் ஆயிற்று என்பது தகவமைவுக் கோட்பாட்டுக்கு வலிய ஆதரவாகும்.

பாரனியின் பெயரால் இயங்கும் பன்னாட்டுச் சங்கம் 2020-இல் இந்நோய்க்கான வரையறையை வெளியிட்டது. சுழலுணர்வு இன்றி ஆட்டமாகவே உணரப்படுவது, பயணம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்குவது, அதற்குமேலும் நீடிப்பது, ஊர்தியில் செல்லும்போது தற்காலிகமாகத் தணிவது ஆகியவை அதன் முதன்மைக் கூறுகள். ஒரு மாதத்தைக் கடந்தால் அது நிலைத்த வகையாகக் கொள்ளப்படும். இவற்றுள் ஒன்றுகூடக் கருவியால் அளக்கப்படுவதில்லை; எல்லாமே நோயாளியைக் கேட்டே அறியப்பட வேண்டியவை. ஆகவே, நீண்ட பயணத்துக்குப் பின் தள்ளாட்டத்தோடு வருபவரிடம் வண்டியில் போகும்போது தணிகிறதா என்று கேட்காமல், செவிச் சோதனை இயல்பாக இருப்பதை மட்டும் காட்டி அவரைத் திருப்பி அனுப்பும் மருத்துவர் இந்நோயைத் தவறவிடவே செய்வார்.