டூப்ளே என்னும் கவசக் குரூசரும் எம்டனும்

1746இல் புதுச்சேரி ஆளுநராக டூப்ளே இருந்தபோது லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கடற்படை ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றியது. 1914இல் அதே டூப்ளேயின் பெயர் சூட்டப்பட்ட பிரெஞ்சுக் கவசக் குரூசர், கீழைக் கடல்களில் பிரிட்டிஷ் அட்மிரல் ஜெர்ரமின் ஆணைக்குக் கீழ்ப்படிந்து நின்றது.

பெயரில் உள்ள முரணைவிட அக்கப்பலின் பிறப்பில் உள்ள முரண் பெரிது. பிரிட்டனைப் போர்க்கப்பல்களின் எண்ணிக்கையால் வெல்ல இயலாது, அதன் வணிகக் கப்பல்களை வேட்டையாடிக் காப்பீட்டுச் செலவை உயர்த்தினால் லண்டன் தானே பணியும் என்பது அட்மிரல் ஓப் முதலானோர் வளர்த்த கொள்கை. அவ்வேட்டையை மனத்திற்கொண்டே, 1890இல் நீரில் இறக்கப்பட்ட ‘துப்புய் தெ லோம்’ தொடங்கி, பிரான்சு கவசக் குரூசர்களைக் கட்டியது. 1898இல் ஃபஷோடாவில் இரு நாடுகளும் போரின் விளிம்புவரை சென்றன. மறு ஆண்டே ரோஷ்ஃபோரில் ‘டூப்ளே’யின் கட்டுமானம் தொடங்கியது. ஏறத்தாழ 7,700 டன் எடை, நான்கு இரட்டைக் கோபுரங்களில் எட்டுப் பெரும் பீரங்கிகள், சுமார் 21 நாட் வேகம். கடலில் அது பணிக்கு வந்த மறு ஆண்டான 1904இல் இரு நாடுகளும் நட்புடன்படிக்கை செய்துகொண்டன. எந்த எதிரிக்காகக் கட்டினார்களோ அந்த எதிரி மறைந்துபோனான்.

பிரெஞ்சுக்காரர் எழுதிய அந்தப் போரை நடத்திக் காட்டியது ஜெர்மானிய ‘எம்டன்’. எடையில் ‘டூப்ளே’யின் பாதியும் இல்லாத அச்சிறு குரூசர் 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையில் பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கிடங்குகளுக்குத் தீ மூட்டியது, இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது அல்லது மூழ்கடித்தது. வங்காள விரிகுடாவில் கப்பல்கள் துறைமுகங்களிலேயே முடங்கின. கடலைக் காணாத மாரிகுப்பத்துக்கும் இதில் பங்குண்டு: தங்கவயல் சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர் நிறுவனம் லண்டனில் இருந்தது, சுரங்க இயந்திரங்கள் கப்பலேறியே வந்தன. அக்டோபர் 28இல் பினாங்கு அருகே பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் ‘மூஸ்கே’யையும் எம்டன் மூழ்கடித்தது.

எம்டனின் வேகம் ஏறத்தாழ 24 நாட். கனத்த பீரங்கிகள் இருந்தும் ‘டூப்ளே’யால் அதைத் துரத்திப் பிடித்திருக்க முடியாது, கவசத்துக்குக் கொடுத்த விலை வேகம். நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே எம்டனை முடித்தது ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’. ‘டூப்ளே’ 1915இல் டார்டனெல்ஸ் பக்கம் சென்றது. அதன் உடன்பிறப்பு ‘கிளேபர்’ 1917இல் பிரெஸ்ட் அருகே கண்ணிவெடியில் மூழ்கியது. 1922இல் ‘டூப்ளே’ பழைய இரும்பாக விற்கப்பட்டது. தமிழ்ப் பேச்சில் கைகாரனை இன்றும் ‘எம்டன்’ என்கிறார்கள். ‘டூப்ளே’க்கு அப்படியொரு சொல்லும் வாய்க்கவில்லை.