ஸ்டாண்டர்டு: ஓர் அளவுகோலின் இந்தியப் பயணம்

மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயலவில்லை என்னும் செய்தி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்திய நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகிறது. 2024ஆம் ஆண்டின் அசர் அறிக்கைப்படி, ஊரகப் பகுதி அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பில் 23.4 விழுக்காட்டினரே அவ்வாறு வாசிக்க வல்லவர்கள். செய்தி வெளியானதும் ஆசிரியரா, பெற்றோரா, அரசா எனக் குற்றவாளியைத் தேடும் விவாதம் எழுந்து, சில நாள்களில் ஓய்ந்துவிடுகிறது. 'இந்த வகுப்புக்கு இவ்வளவு வாசிப்பு' என்னும் அளவுகோல் எதற்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

வகுப்பும் வயதும் ஒன்றோடொன்று கட்டப்பட்டது அண்மைக் காலத்தில்தான். திண்ணைப் பள்ளியில் ஒவ்வொரு மாணவனும் தன் போக்கில் மணலிலிருந்து ஓலைக்கு நகர்ந்தான். அப்பள்ளிகளைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் பெரும்பாலும் அங்கே இடமிருந்ததில்லை. ஆனால் மணலில் எழுதும் அந்த முறையைக் கண்டு வியந்த ஆண்ட்ரூ பெல், 1789இல் சென்னை எழும்பூரில் தொடங்கிய படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தில் அதைக் கையாண்டார். கற்றறிந்த மாணவன் கல்லாதவனுக்குக் கற்பித்தான். திறனுக்கேற்ப வகுப்பு அமைந்தது. தேர்ந்தவன் மேலே செல்வான், தடுமாறுபவன் கீழே இறங்குவான், இருவருக்கும் ஆண்டிறுதிவரை காத்திருக்கும் தேவையில்லை. 1797இல் இலண்டனில் பெல் இதைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்தபின், 'மதராஸ் முறை' இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது.

அறுபது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது வேறொரு முறை. 1862இல் இராபர்ட் லோ கொண்டுவந்த திருத்திய விதித்தொகுப்பு, தொடக்கக் கல்வியை ஆறு 'ஸ்டாண்டர்டு'களாகப் பிரித்தது. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு குழந்தையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார்; தோல்வியுற்ற ஒவ்வொரு பாடத்துக்கும் அக்குழந்தையின் தேர்வுக்குரிய மானியத்தில் மூன்றில் ஒரு பங்கு பள்ளிக்குக் குறையும். முதல் ஸ்டாண்டர்டுக்கு ஓரசைச் சொற்களாலான கதை, ஆறாவதற்குச் செய்தித்தாளின் ஒரு பத்தி. ஒரே ஸ்டாண்டர்டில் ஒரு குழந்தையை இரண்டாம் முறை தேர்வுக்கு நிறுத்தக் கூடாது என்றும் விதித்தது. கற்றதோ கல்லாததோ, ஆண்டுக்கொரு படி ஏறியாக வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு இவ்விதி பெரிதும் வழிசெய்தது. கீழ் வகுப்புகளுக்குரிய சோதனைப் பகுதி அப்பள்ளியின் சொந்த வாசகப் புத்தகத்திலிருந்தே எடுக்கப்பட்டதால், புத்தகத்தை ஒப்பிக்கப் பழக்குவது ஆசிரியருக்கு எளிய வழியாயிற்று. பள்ளி ஆய்வாளராகவும் இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இம்முறையைத் தொடர்ந்து கண்டித்தார். அளக்கப்பட்டது மானியம், குழந்தையின் வாசிப்பு அதற்கான கருவியாக மட்டுமே இருந்தது.

'விளைவுக்கேற்ற ஊதியம்' என்னும் இக்கொள்கை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1882இன் ஹண்டர் குழு தொடக்கப் பள்ளிகளுக்கு அதைப் பரிந்துரைத்தது. கர்சன் காலத்தில், 1904ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானம் அதைக் கைவிட்டது. ஊதிய முறை போயிற்று. 'மூணாவது ஸ்டாண்டர்டு' என்ற பேச்சு வழக்கும், அந்தந்த வகுப்புப் பாடத்தை அந்தந்த ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் நின்றுவிட்டன.

அடுத்த நூறாண்டுகளில் தோல்வியின் சுமை பெரும்பாலும் குழந்தையின் மேல் விழுந்தது. வாசிக்க இயலாதவர் அதே வகுப்பில் நிறுத்தப்பட்டனர். பலர் பள்ளியை விட்டே நின்றனர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அவ்வாறு நிறுத்துவதைத் தடுத்தது நியாயமே. ஆயினும் வாசிக்கத் தெரியாமலே மேலே செல்லும் குழந்தைக்கு அங்கே என்ன நடக்கும் என்பதற்கு அச்சட்டத்தில் தெளிவான விடை இல்லை.

இதனிடையே 1995இல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் தோன்றிய பிரதம் அமைப்பு, 2005 முதல் அசர் கணக்கெடுப்பை நடத்தத் தொடங்கியது. 'அசர்' என்ற சொல்லுக்கு இந்தியில் தாக்கம் என்று பொருள். சோதனை மிக எளியது: எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை. குழந்தையின் வீட்டுக்கே சென்று, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே அதைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். 1862இன் சோதனையிலிருந்து இது மாறுபடும் இடம், பள்ளிப் புத்தகத்தில் இல்லாத பகுதியைக் குழந்தை வாசிக்க வேண்டும் என்பது. முதல் ஆண்டிலேயே, 7 முதல் 14 வயதுடையோரில் 35 விழுக்காட்டினர் அந்தப் பத்தியையும், ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் அந்தக் கதையையும் வாசிக்க இயலாதவர்கள் எனத் தெரியவந்தது.

தெரியவந்தால் மாறிவிடும் என்பதே அன்றைய நம்பிக்கை. உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்ளோ, ருக்மிணி பானர்ஜி முதலியோர் அந்த நம்பிக்கையைச் சோதித்தனர். ஊர்க்கூட்டம் கூட்டிப் பிள்ளைகளின் நிலையைப் பெற்றோருக்கு எடுத்துச் சொன்னார்கள். பள்ளிகளில் மாற்றம் ஏதும் நிகழவில்லை. தன்னார்வலர் நடத்திய வாசிப்பு முகாமுக்கு வந்த குழந்தைகள் முன்னேறினர். ஆனால் ஊர்க் குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே அங்கு வந்தனர். பெருந்தொகையினரை எட்டப் பள்ளியன்றி வேறு வழியில்லை.

இவ்வரலாற்றில் மிகுதியாகச் சிந்திக்கத் தூண்டுவது பீகார். அங்கே 2008இன் கோடை முகாமில், அரசுப் பள்ளி ஆசிரியர்களே சில வாரங்கள் வாசிப்பு மட்டும் கற்பித்தபோது குழந்தைகளின் வாசிப்பு உயர்ந்தது. பள்ளி திறந்தபின், அதே கருவிகளும் பயிற்சியும் ஆசிரியர்களிடம் மட்டும் ஒப்படைக்கப்பட்ட பள்ளிகளில் பயன் தென்படவில்லை. ஆசிரியருக்குத் திறமை இல்லை, அக்கறை இல்லை என்னும் வழக்கமான குற்றச்சாட்டு இங்கே பொருளிழக்கிறது. கோடையில் இல்லாமல் பள்ளி நாளில் இருந்தது, முடித்தாக வேண்டிய பாடத்திட்டம். 2012-13இல் அரியானாவில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அதற்கென்றே ஒதுக்கி, வகுப்பைக் கலைத்து, வாசிப்பு நிலைக்கேற்பக் குழந்தைகளைக் குழுக்களாக்கியபோது அரசு ஆசிரியர்களாலேயே அது இயன்றது. எழும்பூரில் பெல் செய்ததற்கு இது வெகு தொலைவில் இல்லை. 2022இல் தமிழ்நாடு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளும் இந்த வழியில் வந்தவையே.

2021இல் ஒன்றிய அரசு அறிவித்த நிபுண் பாரத் இயக்கம் அளவுகோலை மேலும் நுட்பமாக்கியது: இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள், மூன்றாம் வகுப்பில் குறைந்தது 60. இங்கே மொழியியல் குறுக்கிடுகிறது. 'பாட்டியின் வீட்டிலிருந்து' என்பது தமிழில் இரண்டு சொற்கள்; இந்தியில் அதே பொருளைத் தரும் 'தாதீ கே கர் ஸே' நான்கு சொற்கள். தமிழ்க் குழந்தை ஒரு சொல்லை முடிப்பதற்குள் இந்திக் குழந்தை இரண்டை முடித்துவிடும். எழுத்தின் சுமையும் வேறு. ஆங்கிலக் குழந்தைக்கு 26 எழுத்துகள். தமிழ்க் குழந்தைக்கு 247 எழுத்துகள். கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் நடத்திய ஆய்வுகள், எழுத்தறிவு முதல் இரண்டு வகுப்புகளில் முடிவதில்லை, அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது என்று காட்டின.

என்சிஇஆர்டி 2022இல் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு, 20 மொழிகளுக்கும் ஒரே வேகத்தை வைக்காமல் மொழிவாரியாக வாசிப்பு அளவுகளை வகுத்தது. சோதனை நிகழ்ந்தது பள்ளியின் பயிற்று மொழியில். வீட்டில் கோண்டி பேசி, பள்ளியில் இந்தி எழுத்தை முதன்முதலில் சந்திக்கும் பஸ்தர் குழந்தைக்கும், வீட்டிலேயே இந்தி பேசும் லக்னோ குழந்தைக்கும் அந்த அட்டவணையில் இருப்பது ஒரே எண்.