முடிவு தெரிஞ்சும் ஏன் பார்க்கிறோம்? கிறிஸ்துமஸ் காதல் படங்களும் தாம்பரத்து டிசம்பரும்

டிசம்பர் பிறந்தால் போதும், ஓடிடி தளங்களின் முகப்பில் சிவப்பு ஸ்வெட்டரும் பச்சை மரமுமாகப் போஸ்டர்கள் வரிசைகட்டிவிடும். ஒரு பொண்ணு, ஒரு பையன், ஒரு சின்ன ஊர், நிறைய பனி. இருவரும் சேர்ந்துடுவாங்கன்னு முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிஞ்சுடும். ஆனாலும் கடைசிவரை பார்ப்போம். வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே போனாலே செய்தியாகிவிடும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம்கூட இந்தப் பனிப் படங்களுக்கு ரசிகர்கள் உண்டு. அப்படி என்னதான் இருக்கு இதுல?

அந்த ஃபார்முலா என்ன?

பெருநகரத்தில் வேலை வேலை என்று ஓடும் நாயகி, கிறிஸ்துமஸுக்குச் சொந்த ஊர் வருவார். அங்கே பேக்கரியோ மரக்கடையோ நடத்தும் ஒருவரோடு முதலில் முட்டிக்கொள்வார். இருவரும் சேர்ந்து ஒரு விழாவை நடத்த வேண்டி வரும். நடுவில் ஒரு சின்ன மனஸ்தாபம். 24-ம் தேதி இரவு சமாதானம். அவ்ளோதான் கதை.

இன்னொரு வகை, அரண்மனைக் கதை. 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தி பிரின்சஸ் ஸ்விட்ச்’ படத்தில் வனெசா ஹட்ஜன்ஸுக்கு இரட்டை வேடம். கேக் செய்யும் பெண்ணும் இளவரசரை மணக்கவிருக்கும் சீமாட்டியும் இடம் மாறிக்கொள்கிறார்கள். ‘எங்க வீட்டுப் பிள்ளை’யை 1965-லேயே கொண்டாடிய நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை!

இது எப்போது தொடங்கியது?

1940-ல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’ இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. ஒரே கடையில் வேலை பார்க்கும் இருவருக்கும் நேரில் ஆகவே ஆகாது. ஆனால் யார் என்றே தெரியாமல் கடிதத்தில் காதலிப்பதும் அதே இருவர்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், நாயகன் சட்டையில் ஒரு சிவப்புப் பூவைச் செருகிக்கொண்டு தன்னை அடையாளம் காட்டுவார். பார்க்காமலே காதல், கடைசி நிமிஷ அடையாளம் என்றதும் நமக்கு அகத்தியனின் ‘காதல் கோட்டை’ (1996) ஞாபகம் வரும். கதைகள் வேறு, ஏக்கம் ஒன்றுதான்.

பிறகு ‘லவ் ஆக்சுவலி’ (2003), ‘தி ஹாலிடே’ (2006) போன்ற படங்கள் தியேட்டரில் வந்தன. 2009-ல் அமெரிக்காவின் ஹால்மார்க் சேனல் ‘கவுண்ட்டவுன் டு கிறிஸ்துமஸ்’ என்ற பெயரில் இதை ஆண்டுதோறும் வரும் வரிசையாகவே மாற்றியது. 2017-ல் ‘எ கிறிஸ்துமஸ் பிரின்ஸ்’ மூலம் நெட்ஃபிளிக்ஸும் களமிறங்கியது. அந்தப் படத்தை 53 பேர் தொடர்ந்து 18 நாளும் தினமும் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸே ட்விட்டரில் கிண்டல் செய்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தப் படங்களில் பல, கனடாவில் கோடைகாலத்தில் எடுக்கப்படுபவை. தெருவில் கொட்டிக்கிடப்பது செயற்கைப் பனி. ஸ்வெட்டருக்குள் நடிகர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்.

சரி, ஏன் பிடிக்குது?

முடிவு தெரியும் என்பதுதான் முதல் காரணம். ‘சேருவாங்களா?’ என்ற பதற்றம் இல்லாததால், ‘எப்படிச் சேருவாங்க?’ என்று நிதானமாக ரசிக்க முடிகிறது. பாதியில் எழுந்துபோய் தோசை ஊற்றிவிட்டு வந்தாலும் கதை புரியும்.

ஆனால் நம்ம ஊருக்குப் பொருந்தும் பெரிய காரணம் வேறு. இந்தப் படங்களில் குடும்பம் வில்லன் இல்லை. நம் காதல் படங்களில் எதிரி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பார். அப்பாவோ அண்ணனோ மாமாவோ சாதி, மதம், அந்தஸ்து என்று குறுக்கே நிற்பார்கள். கிறிஸ்துமஸ் படத்தில் வாசலில் வந்து நிற்கும் பையனை அம்மா “உள்ளே வாப்பா, சாப்பிடு” என்கிறார். பாட்டி கண்ணடிக்கிறார். ஊரே சேர்ந்து ஜோடி சேர்க்கப் பார்க்கிறது. தன் காதலை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தவிக்கும் ஒருவருக்கு, செயற்கைப் பனியைவிடப் பெரிய கற்பனை இந்த ஒரு காட்சிதான்.

தமிழில் ஏன் இப்படி வருவதில்லை?

தமிழில் கிறிஸ்தவ நாயகிகள் உண்டு. கிறிஸ்துமஸை மையமாக வைத்த லேசான காதல் கதைதான் சட்டென்று நினைவுக்கு வராது.

பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) முடிவில் பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டுத்தான் காதலர்கள் சேர முடிகிறது. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வில் (2010) ஜெஸ்ஸியின் வீட்டு எதிர்ப்புக்கு நடுவே காதல் பிரிவில் முடிகிறது. இந்த வகைக்குக் கொஞ்சம் நெருங்கிவருவது ராஜீவ் மேனனின் ‘மின்சார கனவு’ (1997). கன்னியாஸ்திரி ஆக நினைக்கும் பெண்ணின் மனசை மாற்றும் கலகலப்பான கதை. ஆனால் அது பொங்கலுக்கு வந்த படம். ஸ்ரீராம் ராகவனின் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ (2024) ஒரே கிறிஸ்துமஸ் இரவில் காதலாகத் தொடங்கி, கொலை மர்மமாக மாறிவிடும். அதுவும் ஜனவரியில்தான் வெளியானது.

பெரிய படங்கள் குறிவைப்பது பொங்கலையும் தீபாவளியையும். இரு மதக் காதல் என்றாலே மோதல் என்று எழுதிப் பழகிய திரைக்கதை இன்னொரு காரணம்.

தாம்பரம் பக்கத்து டிசம்பர் எப்படி?

கதைக்கான களத்துக்குப் பஞ்சமே இல்லை. பரங்கிமலை உச்சியில் 1523-ல் போர்ச்சுகீசியர் கட்டிய தேவாலயம். 1937-ல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் மரங்கள் அடர்ந்த வளாகம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு, ராத்திரி கிட்டாரோடு வரும் கீத பவனி, பக்கத்து வீட்டுக்குத் தட்டில் போகும் கேக்கும் முறுக்கும். கூடவே அரையாண்டு விடுமுறை.

ஆனால் இங்கே டிசம்பருக்கு இன்னொரு முகமும் உண்டு. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை அடையாற்று வெள்ளம் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மழை வலுத்தாலே இன்றும் அங்கே தூக்கம் வராது. அப்படி ஒரு மாதத்தின் கடைசி வாரத்தில், கெட்டது எதுவும் நடக்காத ஒன்றரை மணி நேரப் படம் தரும் நிம்மதியை லேசாக எடைபோட முடியாது.

குறைகளே இல்லையா?

இருக்கு. காதலுக்காக நகரத்து வேலையை விடுவது பெரும்பாலும் பெண்தான் என்ற விமர்சனம் பழசு. நெடுங்காலம் ஒரே மாதிரி வெள்ளைக்காரக் குடும்பங்களே திரையில் இருந்தன. ஹால்மார்க்கின் கிறிஸ்துமஸ் படமொன்றில் தன்பாலின ஜோடிக்கு முக்கிய இடம் கிடைத்தது 2020-ல் வந்த ‘தி கிறிஸ்துமஸ் ஹவுஸ்’ படத்தில்தான்.

எதில் தொடங்கலாம்?

* கருப்பு வெள்ளை பிடிக்கும் என்றால்: ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’
* தனியாக இருக்கும் இரவுக்கு: ‘தி ஹாலிடே’. வீடு மாற்றிக்கொள்ளும் இரண்டு பெண்களின் கதை.
* குடும்பத்தோடு சிரிக்க: ‘தி பிரின்சஸ் ஸ்விட்ச்’
* குழந்தைகள் தூங்கிய பிறகு: ‘லவ் ஆக்சுவலி’. சில காட்சிகள் ஹாலில் எல்லோரோடும் பார்க்கும்படி இருக்காது, ஜாக்கிரதை!