தோற்றவன் எழுதிய வெண்பா

இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. நண்பர்கள் நாலு பேர் முந்தின இரவே அம்மையார்குப்பம் வந்து சேர்ந்துவிட்டார்கள். திருத்தணி, திருவாலங்காடு, தக்கோலம் மூன்றையும் ஒரு வாடகைக் காரில் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்புவதாகத் திட்டம். வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர், எண்பதைத் தொட்டவர். ஊரில் எல்லோருக்கும் அவர் வாத்தியார். ஃபார்ஸ்டரின் நாவலொன்றில் ஒரு பெண் ஃபிளாரன்ஸ் தேவாலயத்தினுள் பேடெக்கர் வழிகாட்டிப் புத்தகம் கையில் இல்லாமல், எதைப் பார்த்து வியப்பது என்று தெரியாமல் நிற்பாள். எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கல்வெட்டுத் தொகுதியிலிருந்து எடுத்த நகல்கள் பையில் இருந்தன. வாத்தியாரிடம்தான் ஒன்றும் இல்லை.

திருத்தணியில் மலை ஏறவில்லை என்று சொன்னபோது அவர் முகம் மாறியது. "முருகனைப் பாக்காம கீழே என்ன தம்பி இருக்கு?" படி முந்நூற்று அறுபத்தைந்தும் அங்கேயேதான் இருக்கும், பிறகு வரலாம் என்று சமாதானம் சொல்லி, கீழே வீரட்டானேசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனோம். வழிகாட்டியை நாங்கள் வழிநடத்தியது அங்கே ஒரு தடவைதான்.

சிறிய கோயில். பின்புறம் யானையின் முதுகைப்போல வளைந்த தூங்கானை மாடம், முழுக்கக் கல். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், பல்லவன் அபராஜிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவன் கட்டியது. இங்குள்ள கல்வெட்டில் ஒரு வெண்பா இருக்கிறது. அதைப் பாடியவர் 'பெருமானடிகள்' என்று கல்வெட்டே சொல்கிறது. அது அரசனையே குறிக்கும் என்று கல்வெட்டறிஞர்கள் கொண்டார்கள். வெண்பாவின் விஷயம் இவ்வளவுதான்: கலைகள் பயின்ற நம்பி அப்பி, சிவனுக்குக் கருங்கல்லில் தளி எடுத்தான். நாலே அடி. அதில் அரசன் இல்லை. அவன் வென்ற ஊர் இல்லை, காலடியில் கிரீடங்கள் இல்லை. ராஜராஜன் காலத்திலிருந்து மெய்க்கீர்த்தி என்று ஒன்று ஒவ்வொரு கல்வெட்டின் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டதை அறிந்தவர்களுக்கு, அரசன் ஒருவன் தன்னைவிட்டு இன்னொருவன் வேலையைப் பாராட்டியிருப்பதன் அருமை தெரியும்.

ஆனால் கவிதையாக அது சாதாரணம். சம்பிரதாயமான அடைமொழிகள், எதிர்பார்த்த இடத்தில் வந்து விழும் எதுகை. இதை நான் சொன்னதும் நண்பர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தினவனையுமா விடமாட்டீர்?" என்றார். சர்ச்சை திருவாலங்காடு வரை நீண்டது.

திருவாலங்காடு காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்ததாகச் சொல்லப்படும் ஊர். இங்கே 1905இல் கிடைத்த செப்பேட்டில் 31 ஏடுகள். முதலாம் ராஜேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018ஐ ஒட்டி, பக்கத்திலுள்ள பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம். அதன் வடமொழிப் பகுதியில் சோழர் பரம்பரையைப் பாடிவரும் கவி, முதலாம் ஆதித்தனிடம் வரும்போது ஒரு சிரிப்புச் சிரிக்கிறான். அபராஜிதன் என்றால் வெல்லப்படாதவன். அந்தப் பெயரை உடையவனையே ஆதித்தன் வென்றான் என்கிறான். 880ஐ ஒட்டித் திருப்புறம்பியத்தில் பாண்டியனுக்கு எதிராக அபராஜிதனோடு நின்று போரிட்டவன்தான் ஆதித்தன். சில வருஷங்களில் கூட்டாளியையே தீர்த்துவிட்டான். அதே திருப்புறம்பியத்தைக் கல்கி, கிழட்டு விஜயாலயனைத் தோளில் தூக்கிக்கொண்டு போன சாகசமாக எழுதி, லட்சக்கணக்கான பேர் மனதில் பதித்துவிட்டார். பல்லவன் அங்கே பக்கவாத்தியம்.

இங்கேதான் எனக்குச் சங்கடம். ரசனையை மட்டும் வைத்துக்கொண்டு சொன்னால் சோழனின் கவிதான் தேர்ந்தவன். ஒரே பெயரைத் திருப்பிப் போட்டு ஒரு வம்சத்தின் முடிவைச் சொல்லிவிட்டான். தோற்றவனுடைய வெண்பாவில் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தோற்றவன் என்பதற்காகவே அதை உயர்த்திப் பிடிப்பது விமர்சனம் ஆகாது. ஆனாலும் இரண்டையும் ஒரே காலைப்பொழுதில், ஒன்றிலிருந்து ஒன்று ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் வைத்து எண்ணியபோது, செப்பேட்டுச் சிலேடை எனக்குக் கசந்தது. நல்ல வரி ஒன்றிடம் எனக்கு அப்படி நேர்ந்தது அபூர்வம். கோபித்துக்கொண்ட நண்பரிடம் இதைச் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

செப்பேடு இப்போது இவ்வூரில் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருவாலங்காட்டு நடராஜர் செம்பும் அங்கேதான். அந்தச் சிலையை நேரில் பாராமல் புகைப்படங்களை மட்டும் வைத்து ரோதேன் எழுதிய குறிப்பு 1921இல் பாரிஸில் வெளிவந்தது. எங்கள் வாத்தியாருக்கு ரோதேனும் தெரியாது, ராஜேந்திரனும் முக்கியமில்லை. பழையனூர் என்றால் அவருக்கு நீலி. வணிகனுக்குக் கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளர் தீக்குளித்த கதையைச் சாப்பாட்டு வேளை முழுக்கச் சொன்னார். ஊரைத் தானம் கொடுத்த அரசனை ஊர் மறந்துவிட்டது, வாக்குக் கொடுத்துச் செத்தவர்களை மறக்கவில்லை.

தக்கோலத்தில் அதிக நேரம் இருக்கவில்லை. வெயில். 949இல் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதிச் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேலேயே இறந்த இடம். அம்பு மார்பில் பட்டு அவன் விண்ணுலகம் போனதாக லெய்டன் செப்பேடு பாடுகிறது. எதிர்த்தரப்பில் கங்கன் பூதுகன், தன் வீரன் மணலேரனிடம் என்ன வேண்டும் என்று கேட்க, அவன் அரசனின் வேட்டை நாய் காளியைக் கேட்டு வாங்கினானாம். பன்றியோடு சண்டையிட்டுச் செத்த அந்த நாய்க்கு ஆதகூரில் நட்ட கல்லில்தான் தக்கோலப் போரும் பதிவாகியிருக்கிறது.

திரும்பும் வழியில் நாங்கள் களைத்துவிட்டோம், வாத்தியார் பேச ஆரம்பித்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது, சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அங்கே போயிற்று. "மூணாவது படிக்கிறப்போ ஆந்திராக்காரன் ஆனேன். பத்தாவது படிக்கிறப்போ மெட்ராஸ் ராஜ்யத்துக்கு வந்துட்டேன். வீட்டை விட்டு ஒருநாளும் நகரல, தம்பி." வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் 1959ஆம் ஆண்டுச் சட்டமும் நடந்து, 1960 ஏப்ரல் 1 அன்று இந்தப் பகுதி திரும்பியது. ம.பொ.சி.யின் கூட்டம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். மங்கலங்கிழார் பெயரைச் சொன்னபோது மட்டும் காருக்குள்ளேயே சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, யாரும் கேட்காமலே, தம் சித்தப்பா வீடு நகரியில் தங்கிவிட்டதைச் சொன்னார். அங்கேயும் தறிதான், இங்கேயும் தறிதான். சித்தப்பாவின் பேரன்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வென்றோம் என்றும் தோற்றோம் என்றும் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அம்மையார்குப்பத்தில் விசைத்தறிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. இறங்கும்போது, காலையில் பார்த்த வெண்பாவின் நகலை வாத்தியார் கேட்டு வாங்கிக்கொண்டார். தெரு விளக்கின் கீழே நின்று இரண்டு தடவை படித்தார். "கட்டினவன் பேரைப் போட்டிருக்கான் பாரு" என்று சொல்லிவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.