நீதியும் நியாயமும்: மகாராஷ்டிரத் தொடக்கப் பள்ளிகளில் பண்புக்கல்வியின் பெயர் வரலாறு

புணே நகரின் வடகிழக்கில், ஆளந்தி செல்லும் சாலையில் அமைந்துள்ளது விஷ்ராந்த்வாடி. ஆண்டுதோறும் ஆனித் திங்களையொட்டி ஞானேசுவரரின் பல்லக்கு ஆளந்தியினின்று புறப்பட்டுப் பண்டரிபுரம் நோக்கிச் செல்லும்போது இவ்விடத்தைக் கடந்தே புணேயை அடைகிறது. இடப்பெயரின் முற்பகுதி இளைப்பாறுதலைக் குறிக்கும். பிற்பகுதியாகிய 'வாடி' மராத்தியில் வேலியிட்ட நிலம், தோட்டம், சிற்றூர் எனப் பல பொருள் தரும். குழந்தைக் கல்வியின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இப்பிற்பகுதியே கருதத்தக்கது. பால்வாடி, அங்கன்வாடி என்னும் சொற்களில் உள்ள வாடியும் இதுவே. தமிழர் பலர் 'பால்வாடி'யின் முதற்பகுதியைக் குடிக்கும் பாலாகவே கொள்வர். குழந்தைகளுக்கு உணவளிக்கும் இடம் என்ற எண்ணம் அதற்குத் துணைநிற்கிறது. உண்மையில் அது 'பாலர்' என்பதோடு உறவுடைய சொல். தமிழிலும் விறகுவாடி, மரவாடி என வழங்கும் வாடி உண்டு. அதன் பிறப்புத் தனியே ஆராயத்தக்கது.

அங்கணம் எனப்படும் முற்றத்தையும் வாடியையும் சேர்த்துப் பெயரிட்டவர் தாராபாய் மோடக் என்பது பொதுவாக ஏற்கப்பெற்ற செய்தியாகும். பாவநகரில் கிஜுபாய் பதேகா 1920இல் தொடங்கிய பாலமந்திரில் அவரோடு பணியாற்றிய இவ்வம்மையார், பின்னர் 1945இல் போர்டியிலும் 1957இல் கோஸ்பாடிலும் சிற்றூர், பழங்குடிக் குழந்தைகளுக்காகப் பள்ளிகளை நடத்தினார். 1975இல் நடுவணரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அங்கன்வாடி என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. தண்டனை, பரிசு ஆகிய இரண்டுமே விலக்கத்தக்கன என்பது கிஜுபாயின் கொள்கை. பொறுத்திருத்தல், பகிர்ந்துகொள்ளல், சினம் தணிதல் ஆகியவற்றுக்கு இம்மரபினர் தனிப் பாடவேளை ஒதுக்கவில்லை. ஒரு குழந்தை கையாளும் கருவியை அது முடித்து உரிய இடத்தில் வைத்த பின்னரே மற்றொரு குழந்தை எடுக்கலாம் என்ற மாண்டிசோரி ஏற்பாட்டிலேயே பொறுமைக்கான பயிற்சி அடங்கியிருந்தது. பெயர் இல்லாமலே ஒன்று நன்கு நடைபெற்ற காலம் அது.

மராத்தியக் குழந்தைகளின் உணர்வுலகைப் பெரிதும் உருவாக்கிய நூலும் பாடநூலன்று. சானே குருஜி எனப்படும் பாண்டுரங்க சதாசிவ சானே, 1933இல் நாசிக் சிறையில் எழுதி 1935இல் வெளியான 'ஷ்யாம்சி ஆயி' (ஷ்யாமின் தாய்) என்னும் நூலே அது. இரவுதோறும் ஷ்யாம் தன் தாயைப் பற்றித் தோழர்களுக்குக் கூறுவதாக அமைந்தது. இதன் நடையில் ஏவல் குறைவு. நடந்ததைச் சொல்லுதலே மிகுதி. தவறிழைத்த சிறுவன் நாணுவதையும் தாய் வருந்துவதையும் கேட்கும் குழந்தை, செய்யத்தக்கது எது என்பதைத் தானே உய்த்துணர்கிறது. இந்நூலாசிரியரே 1947 மே மாதத்தில், பண்டரிபுரக் கோயில் தாழ்த்தப்பட்டோர்க்குத் திறக்கப்பட வேண்டுமென உண்ணாநோன்பு மேற்கொண்டவர். பரிவு பற்றிய கதையும் சமத்துவம் பற்றிய போராட்டமும் ஒருவரிடமே இணைந்திருந்தன என்பது பிற்காலத் திட்டங்களைப் புரிந்துகொள்ள உதவும்.

தமிழகத்தின் திண்ணைப்பள்ளி வேறு வழியைக் கொண்டது. அங்கு எழுத்தறிவும் ஒழுக்கமும் ஆத்திசூடியின் வழியே ஒருங்கே தொடங்கின. உயிரெழுத்து வரிசையில் அமைந்த அந்நூலின் இரண்டாம் தொடரே சினம் பற்றியது. முதல் தொடர் ஏவல் வினையால் முடிய, இரண்டாவது அவ்வாறு முடியவில்லை. சினம் இயல்பாகவே தணியக்கூடியது என்றும், தணிக்க வேண்டியது என்றும் இருவகையாகப் பொருள் கொள்ள அதன் பெயர்ப்பயனிலை இடந்தருகிறது. உரைகள் பெரும்பாலும் பின்னதையே ஏற்று, அதனைக் கட்டளையாக்கின. மனப்பாடமாகக் கற்பித்த ஆசிரியர்க்கும் கட்டளையே வசதியாயிருந்திருக்கும். முன்னைய பொருளோ இன்றைய உளவியலாருக்கு உவப்பானது: சினம் நிலையாக நிற்பதன்று, சிறிது பொறுத்தால் ஆறிவிடும் என்று குழந்தைக்கு அது உணர்த்துகிறது.

மகாராஷ்டிர அரசு 1990களின் பிற்பகுதியில் பள்ளிகளுக்குப் பத்து விழுமியங்களை வகுத்தளித்தது. நேரந்தவறாமையில் தொடங்கும் அப்பட்டியலில் 'சம்வேதன்ஷீலதா'வும் ஒன்று. மராத்தியில் இது பிறர்நிலையை உணரும் தன்மை. தமிழ்க் காதுக்கோ இடையிலுள்ள 'வேதனை' தனித்து ஒலிக்கும். 'நுண்ணுணர்வு' என்று பெயர்த்தால் பிறர் என்ற கூறு மறைகிறது. 'இரக்கம்' என்றால் மேலிருந்து கீழ்நோக்கும் பார்வை புகுந்துவிடுகிறது. 'ஒத்துணர்வு' ஓரளவு பொருந்தும்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில், லாத்தூர் மாவட்டம் கில்லாரியை மையமாகக் கொண்ட நிலநடுக்கத்தில் பத்தாயிரம் பேர் வரை மாண்டனர். பாரதீய ஜைன சங்கடனாவை நிறுவிய சாந்திலால் முத்தா, பாதிக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 1,200 பேரைப் புணேக்கு அழைத்துவந்தார். விஷ்ராந்த்வாடியைப் போலவே நகரின் கிழக்குப் புறத்தில் உள்ள வாகோலியில் அவர்களுக்கான கல்வி மையம் அமைந்தது. வீட்டையும் உற்றாரையும் இழந்த குழந்தைக்குக் கணக்கும் மொழியும் மட்டும் போதா என்பதை விளக்கத் தனிக் கோட்பாடு தேவையில்லை. அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை 2009இல் பீட் மாவட்டத்தின் 500 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 'மூல்யவர்தன்' திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அரசின் துணையோடு அது பிற மாவட்டங்களுக்கும் சென்றது. வாகோலிக்கும் பீடுக்கும் இடையே நேர்க்கோடு வரைவது மிகையாகலாம். ஆயினும் அறிவுரையினின்று இணையாகவும் குழுவாகவும் பேசிக் கற்கும் செயற்பாட்டுக்கு மாறிய நிலையை இத்திட்டம் தெளிவாகக் காட்டுகிறது.

இதன் பெயர் மொழிபெயர்ப்பாளர்க்கு ஓர் எச்சரிக்கை. 2005இல் மகாராஷ்டிரத்தில் நடைமுறைக்கு வந்த மதிப்புக் கூட்டு வரிக்கு மராத்தியில் 'மூல்யவர்தித் கர்' என்றே பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பள்ளித் திட்டம் வணிகவரி அலுவலகத்துக்குச் சென்றுவிடும். 'விழுமிய வளர்ப்பு' எனலாம். விழுமியத்தோடு உறவுடைய 'விழுமம்' என்பதற்குச் சிறப்புப் பொருளோடு இடும்பைப் பொருளையும் தொல்காப்பிய உரியியல் கூறுவது இங்கு எண்ணத்தக்கது.

சிக்கல் இதனோடு முடியவில்லை. இத்திட்டம் தன் விழுமியங்களைச் சமய நூல்களிலிருந்து எடுக்காமல் அரசியலமைப்பிலிருந்து எடுத்தது. முகவுரையில் மராத்தி 'ந்யாய்' எனக் கூறுமிடத்தில் தமிழ் 'நீதி' என்கிறது. மராத்தியில் ஒழுக்கக் கதை 'நீதிகதா'. வழக்கு நடப்பது 'ந்யாயாலய்'. இரு கருத்துகளுக்கும் இரு சொற்கள். தமிழில் நீதிக்கதையும் நீதி, நீதிமன்றமும் நீதி. எனவே கீழ்ப்படிதலைக் கற்பித்த நீதிபோதனையினின்று சமஉரிமையை உணர்த்தும் கல்விக்கு மராத்தியில் நிகழ்ந்த மாற்றம், தமிழ்ப் பெயர்ப்பில் புலப்படாமலே போய்விடும். வகுப்பை நடத்தும் ஆசிரியர், பழைய பாடவேளையே திரும்பியதாகக் கருதிப் பிரம்பில்லாத அறிவுரையைத் தொடங்கிவிடக்கூடும்.

உலக நல நிறுவனம் 1990களில் பரப்பிய 'வாழ்க்கைத் திறன்கள்', அமெரிக்காவில் 1994 முதல் இயக்கமாக வளர்ந்த சமூக–மனவெழுச்சிக் கற்றல், அதனை ஏற்ற 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை ஆகியவை வழியாக மேலும் பல கலைச்சொற்கள் வந்துள்ளன. 'மனவெழுச்சி' ஆசிரியர் பயிற்சி நூலுக்கு உரியது. ஏழு வயதுக் குழந்தையின் வாயில் வருவதன்று. உணர்ச்சியைப் பெயரிட்டுச் சொல்வதே இக்கல்வியின் முதற்படி என்கையில், கோபம், பயம், கூச்சம், பொறாமை, ஏக்கம் ஆகிய வீட்டுச் சொற்களே செயற்பாட்டு நூலுக்கு வேண்டியவை. ஆசிரியர் கையேட்டுக்குத் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் உதவும். அங்குக் கூறப்படும் எட்டும் உடலில் புலப்படுபவை; முகத்தையும் உடலையும் பார்த்துப் பிறர் உள்ளத்தை அறியச் சொல்லும் பயிற்சிக்கு 'மெய்ப்பாடு' என்பது ஆயத்தமாக உள்ள சொல்.

விளையாட்டில் தன் முறை பறிபோன குழந்தை 'இது நீதியன்று' என்று முறையிடுவதில்லை, 'இது நியாயமா?' என்றே கேட்கிறது. மராத்தியக் குழந்தையின் 'ந்யாய்' தமிழ்க் குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கிறது. முதல் இரண்டு வகுப்புகளின் நூல்களில் 'நியாயம்' என்றே எழுதி, முகவுரையைப் படிக்கும் வகுப்பில் அதனை 'நீதி'யோடு இணைத்துக் காட்டலாம்.