மேந்தோன்னி முதல் குளோரியோசா வரை

மழைக்காலத்தில் வேலிப் புதரின்மேல் தீக்கொழுந்துபோல் பூத்து நிற்கும் செங்காந்தளை நாம் கார்த்திகைப் பூ என்றும் அழைக்கிறோம். தமிழகத்தின் மாநில மலர் இது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் முதலில் வருவதும் இதுவே.

மலையாளத்தில் இதற்கு மேந்தோன்னி என்று பெயர். டச்சுக்காரரான வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ நூலில் அப்பெயராலேயே இது இடம்பெற்றது. 1753-இல் லின்னேயஸ் ‘குளோரியோசா சுபெர்பா’ என்று பெயர் சூட்டினார். புகழும் பெருமிதமும் உடையது என்பது பொருள். அவர் மயங்கியது பூவைக் கண்டு போலும்! நம் உழவர்களோ ஏர்போல் வளைந்த கிழங்கையும் பார்த்து, கலப்பைக் கிழங்கு என்றனர்.

அக்கிழங்கிலும் விதையிலும் இருப்பது கால்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு. மிகச் சிறிய அளவில் அதுவே கீல்வாத வகை ஒன்றுக்கு மருந்து. செடிகளின் குரோமோசோம்களை இரட்டிக்கவும் அது உதவும் என்று 1937-இல் அமெரிக்க அறிஞர் பிளேக்ஸ்லீ காட்டினார். மருந்துக்காகக் கிழங்கைத் தோண்டித் தோண்டிப் பல காடுகளில் இக்கொடி அருகிவிட்டது.

தோட்டத்தில் இதை வளர்ப்பது எளிது. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியைப் பிடித்துக்கொள்ளும். மஞ்சளாக விரியும் இதழ்கள் நாளடைவில் சிவக்கும். ஆகவே ஒரே கொடியில் இரு நிறங்களையும் காணலாம். கோடையில் கொடி காய்ந்ததும் பட்டுப்போயிற்று என்று கொத்தி எறிந்துவிடாதீர்கள். கிழங்கு மண்ணுள் உறங்குகிறது. அடுத்த மழைக்கு முளைக்கும். சிறுவர் கைக்கு எட்டாத மூலையாகப் பார்த்து நடுங்கள்.