பதினெட்டு மணி நேரப் படிப்பு

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தபாலில் பலவிதமான கடிதங்கள் வரும். பாராட்டு வரும், வசவு வரும், முன்பின் தெரியாதவர் வீட்டுக் கலியாணப் பத்திரிகைகூட வரும். என்னைச் சற்று நடுங்க வைத்த கடிதம் ஒன்று உண்டு. "என் தமக்கையின் கதையை உமக்கு யார் சொன்னது? ஊர் சிரிக்கும்படி எழுதிவிட்டீரே!" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவரையும் எனக்குத் தெரியாது. அவர் தமக்கையையும் தெரியாது. நான் கற்பனை செய்த பெண்ணுக்கு எங்கோ ஓர் ஊரில் உயிரும் விலாசமும் இருந்திருக்கின்றன! பணிவாகப் பதில் எழுதினேன். விஷயம் அதோடு முடிந்தது.

டேவிட் கிரகாம் பிலிப்ஸுக்கு அப்படி முடியவில்லை.

பிலிப்ஸ் பெயர் பெற்ற அமெரிக்க நாவலாசிரியர். 1911 ஜனவரி 23-ஆம் தேதி பட்டப் பகலில், நியூயார்க் நகரத்துக் கிராமர்ஸி பூங்காவுக்கு அருகே நடந்து போய்க்கொண்டிருந்தார். சங்கக் கட்டடம் ஒன்றுக்கு வந்திருந்த தம் தபாலை வாங்கிக்கொள்ளப் போனார் என்கிறார்கள். எதிரே வந்த ஒருவன் கைத்துப்பாக்கியை எடுத்து அவரை அடுத்தடுத்துச் சுட்டான். பிறகு தன்னையே சுட்டுக்கொண்டு மாண்டான். அவன் பெயர் கோல்ட்ஸ்பரோ, பிடில் வாசிக்கிறவன், நல்ல குடும்பத்துப் பிள்ளை. பிலிப்ஸ் தம் நாவலொன்றில் தன் சகோதரியைத்தான் கேவலப்படுத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தான். பிலிப்ஸுக்கோ அவன் யாரென்றே தெரியாது. மறுநாள் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. வயது 43. நானும் நாற்பதைத் தாண்டியவன். இதைப் படித்த அன்று பழைய கடிதக் கட்டை எடுத்து இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தேன்.

இந்தக் கொலைக்கும் இன்றைக்கு நியூயார்க் ராஜ்யத்தில் நடக்கிற 18 மணி நேர வகுப்பு ஒன்றுக்கும் சம்பந்தம் உண்டு. அங்கே கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்துக்கொண்டு வெளியே நடமாட லைசென்ஸ் வேண்டும் என்கிறவர், முதலில் அந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும். அந்தப் படிப்பு வந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பிலிப்ஸ் கொலைக்கு ஐந்து மாதம் முன்னால்தான், 1910 ஆகஸ்டு 9-ஆம் தேதி, நியூயார்க் மேயர் கேனரை வேலையிழந்த சிப்பந்தி ஒருவன் கப்பல் தளத்தில் வைத்துச் சுட்டிருந்தான். மேயர் தொண்டையில் குண்டோடு பிழைத்துக்கொண்டார். ஊர் ஏற்கனவே பயந்திருந்தது. நாவலாசிரியரும் விழுந்ததும் பொறுமை போயிற்று. மர்மச் சாவுகளை விசாரிக்கும் கரோனர் காரியாலயத்தில் வேலை பார்த்த லெ ப்ரன் என்பவர், துப்பாக்கிக்குச் சட்டம் வேண்டும் என்று பெரிய மனிதர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். டாமனி ஹால் என்ற அரசியல் கோஷ்டியின் பிரமுகரான செனட்டர் டிமொதி சல்லிவன் மசோதாவை எடுத்துக்கொண்டார். 1911 ஆகஸ்டு 31-ஆம் தேதி 'சல்லிவன் சட்டம்' அமலுக்கு வந்தது. அன்று முதல் கைத்துப்பாக்கியை வைத்திருப்பதற்கே லைசென்ஸ் தேவைப்பட்டது.

சட்டத்தின் முதல் வலையில் அகப்பட்டவர்களில் ஓர் இத்தாலியத் தொழிலாளியும் உண்டு. 'கறுப்புக் கை' என்று சொல்லி மிரட்டிப் பணம் பறிக்கிற கூட்டத்துக்குப் பயந்து ரிவால்வர் வைத்திருந்ததாக அவன் சொன்னான். நீதிபதி அவனை ஓராண்டு சிறைக்கு அனுப்பினார். அவன் பயம் உண்மையா என்று சட்டம் கேட்கவில்லை.

கேட்கும்படி வைத்தது 1913-ஆம் ஆண்டுத் திருத்தம். மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் வேண்டுமானால் நன்னடத்தையோடு 'தக்க காரணம்' ஒன்றையும் காட்ட வேண்டும் என்று அது சொல்லிற்று. தக்க காரணம் என்றால் என்ன? ஊரில் எல்லோருக்கும் இருக்கிற பயம் போதாது, உனக்கென்று தனியாக ஓர் ஆபத்து இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் நீதிமன்றங்கள் விளக்கம் சொல்லின. அந்த ஆபத்தைக் காட்ட முடியாதவர்களுக்குப் பாதி லைசென்ஸ் கிடைத்தது. 'வேட்டைக்கும் குறி பழகுவதற்கும் மட்டும்' என்று அதில் ஒரு கட்டுப்பாடு இருக்கும்.

இந்தக் கட்டுப்பாட்டை நீக்கிக்கொள்ளத்தான் ஆட்கள் வகுப்புக்குப் போக ஆரம்பித்தார்கள். ரென்ஸலியர் ஜில்லாவில் அப்படி ஒருவர். வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தார். அவர் குடியிருந்த பக்கத்தில் அடுத்தடுத்துத் திருட்டு நடந்தது. துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் மேல்வகுப்பு ஒன்றில் படித்துத் தேறினார். 2016-ஆம் ஆண்டின் கடைசியில், 'திருட்டு நடக்கிறது. நானோ படித்தும் இருக்கிறேன். கட்டுப்பாட்டை நீக்குங்கள்' என்று லைசென்ஸ் வழங்கும் நீதிபதிக்கு விண்ணப்பம் போட்டார். நீதிபதி மறுத்துவிட்டார். அதே ஜில்லாவில் பல வகுப்புகள் படித்த இன்னொருவருக்கு, வேலைக்குப் போகவர மட்டும் எடுத்துச் செல்லலாம் என்று சலுகை கிடைத்தது. மற்றபடி அவருக்கும் இல்லை என்ற பதில்தான்.

நீதிபதியின் மேல் தப்புச் சொல்ல இடமில்லை. 'உனக்கு எதற்கு?' என்பது சட்டத்தின் கேள்வி. 'எனக்குச் சுடத் தெரியும்' என்பது அவர்கள் சொன்ன பதில். கேள்வி ஒன்று, பதில் வேறொன்று.

இருவரும் ஒரு சங்கத்தோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். அது சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. ஏழைக் கைதிகளுக்காக வாதாடும் நியூயார்க் வக்கீல்கள் துப்பாக்கிக்காரர்களின் பக்கம் மனுப் போட்டார்கள். இந்தச் சட்டத்தின்கீழ் ஜெயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பு இன, லத்தீன் இன ஏழைகளே என்பது அவர்கள் வாதம். அந்த இத்தாலியத் தொழிலாளி கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பான். 2022 ஜூன் 23-ஆம் தேதி, ஆறு பேர் ஒரு பக்கமும் மூன்று பேர் ஒரு பக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. அரசியல் சட்டம் தருகிற உரிமைக்குக் குடிமகன் தனிக் காரணம் காட்ட வேண்டியதில்லை என்றார்கள். 'தக்க காரணம்' 109 ஆண்டு வாழ்ந்து மறைந்தது.

ஒரு கதவை அடைத்தால் சர்க்கார் இன்னொரு கதவைத் திறக்கும். எட்டே நாளில், ஜூலை 1-ஆம் தேதி, நியூயார்க் புதுச் சட்டம் இயற்றியது. செப்டம்பர் 1-ஆம் தேதி அது அமலாயிற்று. அதன் பிரகாரம், மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் கேட்கிறவர் ஆசிரியர் முன்னால் 16 மணி நேரம் பாடம் கேட்க வேண்டும். 2 மணி நேரம் நிஜக் குண்டு போட்டுச் சுட்டுக் காட்ட வேண்டும். எழுத்துப் பரீட்சையில் நூற்றுக்கு 80 வாங்க வேண்டும். நன்னடத்தைக்கு நாலு பேர் சாட்சியும் வேண்டும். முன்பு நீதிபதியின் மேஜையில் செல்லாக் காசாகக் கிடந்த வகுப்புச் சான்றிதழ், இப்போது வாசல் சாவியாகிவிட்டது! படிப்புக்கு நூற்றுக்கணக்கான டாலர் செலவாகிறது. ஆகவே ஏழைக்கு இந்தக் கதவும் அத்தனை சுலபமாகத் திறந்துவிடாது.

இந்தக் கதையில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. முதல் நூறாண்டு 'உனக்கு எதற்கு?' என்று கேட்டார்கள். கோல்ட்ஸ்பரோவைக் கேட்டிருந்தால், 'என் குடும்ப மானத்துக்கு' என்று சத்தியம் செய்தே சொல்லியிருப்பான். இப்போது 'உனக்குத் தெரியுமா?' என்கிறார்கள். அவன் கை குறி தவறவில்லையே! மனசு எப்படி இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு யார் பரீட்சை வைப்பது? இன்று தெளிவாக இருக்கிறவர் நாளைக்கும் அப்படியே இருப்பார் என்று யார் கையெழுத்துப் போடுவது? சட்டம் கொண்டுவந்த சல்லிவனே இரண்டு ஆண்டுக்குள் சித்தம் கலங்கி, காவலிலிருந்து தப்பி, 1913-இல் ரயிலில் அடிபட்டு இறந்தார். அவர் உடல் அடையாளம் தெரியாமல் பிணக்கிடங்கில் பத்து நாளைக்கு மேல் கிடந்தது.

ஆனாலும் அந்த வகுப்பை நான் கேலி செய்ய மாட்டேன். அதன் பாடத் திட்டத்தைப் பார்த்தேன். சுடக் கற்பிப்பது அதில் சிறு பகுதிதான். சச்சரவு மூளும்போது பேச்சினால் எப்படித் தணிப்பது என்று ஒரு பாடம். சட்டப்படி எப்போது சுடக் கூடாது என்று ஒரு பாடம். துப்பாக்கியை வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பது என்று ஒரு பாடம். தற்கொலையைத் தடுப்பது பற்றிக்கூட ஒரு பாடம். அன்று கிராமர்ஸி பூங்காவுக்கு அருகே கடைசியாக வெடித்த குண்டு சுட்டவனின் தலைக்குத்தான் போயிற்று என்பதை யாரோ மறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

எனக்குக் கடிதம் எழுதினாரே, அவர் மறுபடி எழுதினார். தமக்கைக்கு உடம்பு தேவலையாம். என் பதிலை அவளுக்குப் படித்துக் காட்டினாராம். கோபம் வந்தபோது அவர் கையில் பேனா இருந்தது. அது என் அதிர்ஷ்டம்.